முப்பது நாள் பெட்டி

கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராமலிருக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மேடம். தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து வாசலோடு போய்விடும். நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவன்.

அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிக்கும் வேலை. முகவரி பாதி நனைந்து அழிந்த கடிதத்தைக்கூட உரியவர் கையில் சேர்த்திருக்கிறேன். ஒன்றைக் கிழித்ததில்லை, எறிந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

என் மகள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். அவள் அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். ஒருநாள் ஏதோ ரசீது என்று வந்த மெயிலைத் திறந்தாள். மூன்று மாத வேலையை வைரஸ் தின்றுவிட்டது. நாற்காலியில் காலைக் குறுக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். அன்றைக்கே போய் வைரஸ் தடுப்பான் வாங்கி வந்தேன். அதில் ஒரு பெட்டி உண்டு. சந்தேகப்படும் மெயிலை அதற்குள் பூட்டி வைக்கலாம். முப்பது நாளில் பெட்டியே அழித்துவிடும். காலையில் அவள் குளித்து வருவதற்குள் மெயில்களைப் பிரித்து வைப்பது என் பொறுப்பானது. கடவுச்சொல்லை அவளே கொடுத்தாள். போனில் மெயில் பார்ப்பதையும் நான் சொன்னதால் விட்டாள்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திடாதீங்கப்பா. நல்ல மெயிலையும் சேத்துப் பூட்டிடப் போறீங்க" என்று சிரித்தாள்.

வெளியூர் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்ட மெயிலும் ஒரு காலையில்தான் வந்தது. தங்க இடமும் தருகிறார்களாம். அவ்வளவு பெரிய சாப்பாட்டு மேசையில் ஒற்றைத் தட்டோடு என்னால் உட்கார முடியாது, மேடம். அவ்வளவுதான் காரணம். மெயிலைப் பெட்டியில் போட்டேன். அழிக்கவில்லை, கவனியுங்கள். பிறர் கடிதத்தை அழிக்கிற கை இது இல்லை.

பத்து நாள் கழித்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. மகளுக்குக் கழுத்தில் சின்னதாய் ஒரு கட்டி. மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதிக்கக் கொடுத்திருந்தாள். புது முகவரி, கூடவே கோப்பு. தடுப்பான் தானாகவே பூட்டிவிட்டது. நான் திறந்து படித்தேன். புற்றுநோய், ஆரம்பக் கட்டம், தாமதிக்காமல் வரவும் என்றிருந்தது.

அதை வெளியே எடுத்தால் பெட்டியிலிருந்து விடுவிக்கப்பட்டது என்று தலைப்பிலேயே எழுதி வரும். அவள் கெட்டிக்காரி. உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிடுவாள். கம்பெனி மெயில் தானாக அழிய இன்னும் இருபது நாள் இருந்தது. அது போனதும் இதை எடுத்துக் கொடுத்துவிடலாம். இருபது நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கம்பெனிக்காரர்கள் விடவில்லை. வாராவாரம் எழுதினார்கள். ஒன்று அழிவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். தினமும் பெட்டியைப் பார்த்துவிட்டு அவளுக்கு டீ போட்டேன்.

"ஏம்ப்பா, ரிசல்ட் இன்னுமா வரல? போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"நீ வேலையப் பாரும்மா. நான் கேக்கறேன்."

எண்ணை அழுத்தாமலே போனைக் காதில் வைத்து அவள் எதிரில் பேசினேன். "ரொம்ப சந்தோஷங்க" என்று வைத்தேன். சாதாரணக் கட்டிதானாம் என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. பிறகு மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை வீட்டுக்குப் போன் வந்தது. வேறு இடத்தில் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பதாம் நாள் போய்ப் பார்க்கிறேன், பரிசோதனை மெயில் பெட்டியில் இல்லை. இல்லாத கடிதத்தை யாரால் கொடுக்க முடியும்?

எட்டு மாதம் கழித்து விழுங்கவே முடியாமல் போனபோதுதான் கூட்டிப்போனேன். "அப்பவே அனுப்பிச்சோமே, ஏன் வரல?" என்று மருத்துவர் கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு பதினொரு நாள் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். கடைசிவரை அவள் என் பக்கத்தில்தானே இருந்தாள்? எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மெயிலை வைத்துக்கொண்டது நான். பொய் சொன்னது நான். அழித்தது பெட்டி.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பென்டிரைவை அவள் கம்ப்யூட்டரில் செருகுவதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வெளியிலிருந்து எதையும் நான் அவளை அண்டவிட்டதில்லை.