காது பார்க்கும் மிஷின்

சேலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இருவரும் மில் தொழிலாளிகள்; ஒருவர் பெரியவர், ஒருவர் இளையவர். திருச்செங்கோட்டில் ஏறியதிலிருந்து ரகசியம் பேசிக்கொண்டு வந்தார்கள். வருஷக்கணக்காக மில் இரைச்சலில் நின்ற காதுகள். ரகசியம் டிரைவர் வரைக்கும் கேட்டது.

“ஏனுங்ணா, நம்ம மில்லுக்குக் காது பாக்க வந்த அந்தச் சின்ன டாக்டரு இன்னும் ஒண்ணுமே கண்டுபுடிக்கலீங்களாமா. அதுக்குள்ள ஆராய்ச்சி பண்ணச் சொல்லிப் பணங் குடுத்துட்டாங்களாமா.”

“கண்டுபுடிக்கறதுக்கு முன்னாலயே எவன்டா குடுப்பான்?”

“மெட்ராஸ்ல ஏதோ நிதியாமுங்க. புதுசா ஆராய்ச்சி ஆரம்பிக்கறவங்களுக்குக் குடுக்கறாங்களாமா.”

“மெட்ராசும் இல்ல, மண்ணும் இல்ல. நம்ம மொதலாளி குடுத்திருப்பான். காது மந்தமானவனையெல்லாம் ஊட்டுக்கு அனுப்பறதுக்கு.”

“தலை சுத்துதா, நடக்கையில தள்ளுதான்னு வேற கேட்டாருங்ணா.”

“போன மாசம் மிசினோரம் தள்ளாடி உழுந்தியே, அதச் சொன்னியா?”

“சொல்லுவனுங்களா? தெனமும் மலைப்படி ஏறி எறங்கறேன்னு சொல்லிப்போட்டேன்.”

“அப்படிச் சொல்லு. காதுல மிசின மாட்டி உட்டு, சத்தம் கேட்டா வெரலத் தூக்கோணும்னானே, அதுக்கு?”

“உடாமத் தூக்கிக்கிட்டே இருந்தனுங்க.”

“கெட்டிக்காரன். நம்பீட்டானா?”

இளையவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்பறம் பாத்தா, மிசினு ஒயர இன்னும் மாட்டவே இல்லீங்ணா. கையில புடிச்சிக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னாரு.”

பெரியவர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

“பாத்தியா? ஒயரே மாட்டாமச் சோதிக்கறான். அவன் மொதலாளி ஆளேதான்!”