ஒரு பீடி நேரம்

ஒட்டுக்கேட்கிற ஆசையில், கச்சிராயபாளையத்தில் இறங்க வேண்டியவன் வெள்ளிமலைக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தேன். முன் சீட்டில் ஒரு வழுக்கைத் தலையர், ஒரு மீசைக்காரர், மீசைக்காரரின் மனைவி.

“ஜெயிச்சது நானு. இன்னி வரைக்கும் மனசு ஒத்துக்கல,” என்றார் வழுக்கையர்.

“அந்த ஜீப் ரேஸ இன்னுமா வுடல நீ?”

“இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துல மலை ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. நான் மாட்டிக்கினு நிக்கிறேன். பின்னால இவங்களையும் ஏத்திக்கினு வந்த நீ, கூட சேந்து மரத்த இழுத்துட்டு, ‘ஒரு பீடி நேரம் முந்தி வந்தவன் நீ, மொதல்ல போ’ன்னு பீடிய பத்த வெச்சிக்கினு நின்னுட்ட. இன்னாத்துக்குய்யா?”

“முந்தினவன் முந்தினவன்தானே.”

வழுக்கையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

மனைவி திரும்பினார். “அழாதீங்கண்ணே. இன்ஜின் கொதிச்சிப் போயிதான் இவரு நின்னாரு. நீங்க போனப்புறம் தண்ணி ஊத்தினதே நான்தான்.”