உங்க ஓட்டுல எனக்கும் பாதி

வரி கட்டுவோருக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம். தேர்தல் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் திண்டிவனம் பாசஞ்சரில் ஏறினேன். எதிரே கெடார் மிராசுதார் ஒருவர் மாலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அதே ஊர்ச் சேரியைச் சேர்ந்த கூலியாள் கதவோரம் நின்றபடியே அவரிடம் கேட்டார்.

“உங்க ஓட்டுல எனக்கும் பாதி உண்டுங்களா, ஐயா?”

மிராசுதாரின் முகம் சுருங்கியது. “வரி கட்றவன் நானு. உனக்கேது ஓட்டு?”

“இல்லீங்க. ஆனா சேரிக்குக் கெணறு வெட்டறேன்னு, ஜெயிச்ச மெம்பரு ஓட்டுக் கேட்ட கூட்டத்துல சொன்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. நாங்க இன்னும் குட்டைத் தண்ணியத்தான் குடிச்சிக்கினு கெடக்கறோம். போன மாசம் எம் பொண்ணு பேதியில செத்துப் போச்சுங்க. இன்னிக்கு அவருக்கு மாலை போடப் போறீங்களே, அப்பக் கொஞ்சம் கேளுங்க.”

“உன்னைத் தூண்டி விட்டது யாரு? தோத்துப்போன கட்சிக்காரனா?”

“கட்சியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க.”

“பொய் சொல்லாத. டிக்கெட்டு யாரு வாங்கிக் குடுத்தது?”

“சேரி சனம் எல்லாஞ் சேந்துதாங்க. நீங்க கேக்கறீங்களா இல்லியான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

திண்டிவனத்தில் மிராசுதார் இறங்கியதும் கூலியாளும் பின்னாலேயே இறங்கிப் போனார்.