மூன்றாவது மொட்டை

“புது விமானம் வாங்கப் போறோம்னு டிவில சொன்னதுமே மொட்ட போட்டுட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு.”

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து வந்த குரல் இது. சொன்ன அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். தலையில் அரை அங்குலம்தான் முடி. அவர் மகன் விமானப்படையில் பைலட் என்பது ஒட்டன்சத்திரம் வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

“அவன் ஓட்டுறது அவன் பொறக்கறதுக்கு முந்தி வாங்குனது. புதுசு வந்தா முடி தாரேன்னு முருகன்ட்ட நேந்துக்கிட்டேன். ரெண்டு தடவ டிவில சொன்னாக. ரெண்டு தடவயும் குடுத்துட்டேன். விமானம் வரல.”

“ஏன் மதினி வரல?” என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

“வெளிநாட்டுல வாங்குனா வெல கட்டுப்படியாகலையாம். இங்கனயே செஞ்சா இஞ்சின் வந்து சேரலையாம்.”

“அப்ப பழச நிறுத்தி வைக்க வேண்டியதுதான?”

“நிறுத்துனா எண்ணிக்கை கொறஞ்சு போயிருமாம். ஒண்ணுல கழட்டி இன்னொண்ணுல மாட்டுறாகளாம். இருக்கிறத ஓட்டுங்கன்னு சொல்லிட்டாகளாம்.”

“இப்ப எதுக்கு நேந்திருக்கீக?”

“புதுசு கேக்கறத விட்டுட்டேன். ஏறுனவன் எறங்குனாப் போதும். அதுக்கு முன்கூட்டியே குடுத்துரலாம்னு போறேன்.”

அந்தப் பெண் அவர் தலையைப் பார்த்தார்.

“எறக்குறதுக்கு முடி எங்க மதினி இருக்கு?”

“இருக்கிறத எடுத்துக்கிறட்டும்.”