வடக்குமேட்டு ரோடு நல்ல ரோடு

— இங்க வேணாம்ப்பா. அந்த ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால போயிடலாம், வா.

— ஏன் பாப்பா, இங்க நெழல் நல்லாத்தான இருக்கு. பெஞ்சு வேற கெடக்குது. கிள்ளையில பஸ்ஸு ஏறுனது, சிதம்பரம் வர்ற வரைக்கும் ஒக்கார எடம் கெடைக்கல. காலு கடுக்குது.

— டீ டைம்ப்பா இது. எங்க காலேஜு லேப்ல இருக்கிறவங்க எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வருவாங்க.

— வரட்டுமே. உங்க பெரிய சாரு, தியாகேசன் சாரு, அவரும் வருவாரா? அவரப் பாக்கத்தான் வந்தேன் நானு.

— அவரை நீ எதுக்குப் பாக்கணும்? ஒரு போனு பண்ணாம கொள்ளாம வந்து நிக்கிற. வீட்ல எல்லாம் நல்லாத்தான இருக்காங்க?

— வீட்ல ஒண்ணும் இல்ல. நீ மொதல்ல ஒக்காரு பிரியா. நேத்து நம்ம ஊரு தலைவரு ராஜாமணி வந்து ஒரு சேதி சொன்னாரு. நீங்க ஆராய்ச்சிக்குப் போடற ரோடு நம்ம வடக்குமேட்டுக்கு இல்லியாம். நம்ம ரோடு நல்ல ரோடாம். செம்மங்குப்பம் பக்கம் ஏதோ ஒரு ஊருக்குப் போவுதாம். நெசமா?

— ம்.

— ம்-னா இன்னா அர்த்தம்? வாயத் தொறந்து சொல்லு.

— நெசந்தான்ப்பா. எழுதிக் குடுத்த ஊரு ரோடுங்கள்ல எது ரொம்ப மோசமோ அதுலதான் போடுவாங்க. களிமண்ணுல சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தி, அதுக்கு மேல ரோடு போட்டு, மழைக்குத் தாங்குதான்னு வருசக்கணக்கா பாக்குற ஆராய்ச்சி இது. மிஷின் வச்ச வண்டி ஒண்ணு நம்ம ஊருக்கு வந்துச்சில்ல, அது எவ்ளோ குலுங்குதுன்னு பாத்துத்தான் மார்க்கு. நம்ம ரோட்டுல வண்டி குலுங்கவே இல்ல.

— எப்பிடி குலுங்கும். குலுங்கக் கூடாதுன்னுதான...

— குலுங்கக் கூடாதுன்னு?

— கெடக்குது வுடு. அதச் சொல்லத்தான் வந்தேன். சாருகிட்டயே சொல்லிக்கிறேன்.

— ப்பா. இன்னா பண்ண நீ?

— மூடிட்டேன்.

— எத?

— பள்ளத்தத்தான். நீங்க வர்றதுக்கு மொத நாளு. சாமிக்கண்ணு பழைய வீட்ட இடிச்சான் பாரு, அந்த செங்கல்லு காரையெல்லாம் சும்மாதான கெடந்துச்சு. நம்ம டிராக்டர்லயே அள்ளியாந்து கொட்டுனேன். ஓரத்துலயும் சேத்து நெரவிட்டேன். மேல கிரஷர் கல்லுத்தூளு போட்டு, தண்ணி அடிச்சு, டிப்பர்ல நெல்லு மூட்டைய ஏத்திக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் ஓட்டி அமுக்கிவுட்டேன். பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு பாப்பா. ஊரே வந்து நின்னு பாத்துச்சு. ராசம்மா அக்கா ரோட்டு ஓரம் பூரா சாணி தெளிச்சு கோலம் போட்டுச்சு.

— அத்தை கோலம் வேற போட்டுச்சா.

— தேரு கோலம். நீ பாக்கலியா?

— ஐயோ அப்பா. ஏன்ப்பா இப்பிடி பண்ண? ரோடு மோசமா இருக்குன்னு காட்டத்தான அவங்கள வரவச்சதே.

— அது எனக்கு இன்னா தெரியும்? ஏதோ அளக்க வர்றாங்கன்னாங்க. உன்கூட படிக்கிற புள்ளைங்க வருது, பெரிய சாரு வர்றாரு. அந்தப் பள்ளத்துல வண்டி எறங்கி ஒருத்தர் தலை ஒருத்தர் மேல இடிச்சிச்சின்னா யாருக்கு அசிங்கம்? உனக்குத்தான? இந்தப் பொண்ணு இந்த மாதிரி ஊர்லேர்ந்தா வருதுன்னு நெனைக்க மாட்டாங்க?

— அது என் ஊருன்னு அவங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்.

— இன்னா சொன்ன?

— இல்லப்பா, நான் இன்னா சொல்ல வந்தேன்னா...

— தெரியாதா அவங்களுக்கு?

— அட்ரஸ்ல மாமா வீடுதான இருக்கு. மஞ்சக்குப்பம். ஸ்கூலுக்கு அங்கேர்ந்துதான போனேன். அதனால கடலூர் டவுனு பொண்ணுன்னு நெனைச்சிக்கிட்டாங்க. நானும் இல்லன்னு சொல்லல.

— சரி. மாமன் வீடும் நம்ம வீடுதான.

— கோவமா?

— எனக்கு இன்னா கோவம். டீ சொல்லட்டா? பன்னு எதாவது துன்றியா? மூஞ்சி வாடிக் கெடக்குது.

— ஒண்ணும் வேணாம். ப்பா, கேளு. சேந்த புதுசுல ஒரு நாளு மழை. ஊர்லேர்ந்து நேரா கிளாசுக்கு வந்தேன், முட்டி வரைக்கும் சேறு. லலிதாம்பிகைன்னு ஒருத்தி, இங்க சிதம்பரம் கீழ வீதி பொண்ணு, நல்லவதான். நடவு முடிச்சிட்டு அப்பிடியே வந்துட்டியாடின்னா. வெளையாட்டுக்குத்தான் கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். அப்பறம் யாரோ எந்த ஊருன்னு கேட்டாங்க. வாயில மஞ்சக்குப்பம்னு வந்துடுச்சு. வந்தத அப்பறம் மாத்த முடியல.

— சேறு இன்னா பண்ணும். நம்ம மண்ணு அப்பிடி. மழை பேஞ்சா ஊதிக்கும், வெயில் அடிச்சா வெடிச்சுக்கும். எவன் வந்து ரோடு போட்டாலும் ஒரு மழைதான். அது உன் குத்தமா?

— இல்லதான். ஆனா வெக்கமா இருந்துச்சுப்பா. இப்பவும் இருக்கு. பொய் சொன்னதுக்கு ஒரு வெக்கம், அதுக்கு மேல ஊர நெனைச்சு ஒரு வெக்கம். எது ஜாஸ்தின்னே தெரியல.

— இருந்தாலும் நம்ம ரோட்ட நீதான எழுதிக் குடுத்துருக்க? யாரோ புண்ணியவதி எழுதிக் குடுத்தாங்கன்னு தலைவரு சொன்னாரு. நான் நீயின்னு நெனைச்சிக்கிட்டேன். அவருகிட்ட சொல்லல.

— நான்தான் குடுத்தேன். போன மழையில ராசம்மா அத்தைய கட்டில்ல வச்சு தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடுனீங்கல்ல. நூத்தியெட்டு வண்டி உள்ள வர மாட்டேன்னு அங்கயே நின்னுக்கிச்சு. அத நெனைச்சுத்தான் குடுத்தேன். ஊரு பேரு மட்டும் குடுத்தேன். என் ஊருன்னு சொல்லல.

— நல்ல காரியந்தான பண்ணிருக்க. நான்தான் கெடுத்துட்டேன்.

— நீ கெடுக்கலப்பா.

— நான்தான் பாப்பா. ஊர்ல தலை காட்ட முடியல. பாலகுமார், எனக்கு மச்சான் மொற, தெனம் என்கூட டீ குடிக்கிறவன், நேத்து மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிறான். ரோட்ட அள்ளி அடுத்த ஊருக்குக் குடுத்துட்டியே மச்சான்றான். அன்னிக்கி சூப்பரா இருக்குன்னு கை தட்டுனதும் இவந்தான். ராசம்மா அக்கா மட்டும் ஒண்ணும் சொல்லல. அந்தக் காரையெல்லாம் எடுத்துடு தம்பி, பழைய பள்ளமே நமக்குப் போதும்னுச்சு. அதுதான் ஜாஸ்தி வலிச்சிச்சு.

— ப்பா, போதும். நான் ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி ரோட்டு ஓரத்துல நோண்டி மண்ணு எடுத்தாங்கல்ல. அந்த டெஸ்ட்டு பண்ணது நான்தான். மண்ண ஊற வச்சு, மேல கனத்த வச்சு அமுக்கி, எவ்ளோ எறங்குதுன்னு பாக்கணும். நம்ம மண்ணு ஊறுனா வெண்ணெ மாதிரி எறங்கும். இது எறங்கவே இல்ல. கையில தேச்சுப் பாத்தேன், செங்கல் தூளு. அப்பவே தெரிஞ்சிடுச்சு, யாரோ ஓரம் வரைக்கும் எதையோ கொட்டி மூடிருக்காங்கன்னு.

— தெரிஞ்சிதா? அப்ப சாருகிட்ட சொல்லிருக்கலாமே.

— எப்பிடி சொல்றது? உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாரு. பொறந்ததுலேர்ந்து அந்த மண்ணுலதான் நடந்தேன்னு சொல்லணும். மீட்டிங்ல மார்க்க படிச்சிட்டு, எல்லாரையும் வுட்டுட்டு என்னத்தான் கேட்டாரு. சத்யப்பிரியா, வடக்குமேடு பரவால்லபோல இருக்கே, வுட்டுடலாமான்னு. வுட்டுடலாம் சார்னு நான் சொன்னேன்ப்பா. என் வாயால.

— நீயா சொன்ன.

— நான்தான். உன்ன ஊர்ல எல்லாரும் திட்டறாங்களே, அது நான் வாங்க வேண்டிய திட்டு.

— அழுவாத. பாப்பா, இங்க பாரு. ரோட்டுல நிக்கிறோம், ஆளுங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும்.

— மூஞ்சிய தொடை. ஒண்ணும் முழுவிப் போவல. நான் போயி சாருகிட்ட சொல்லிடறேன். சார், நான் வடக்குமேடு, டிராக்டர் ஓட்டுறவன், பேரு வைத்திலிங்கம், நான்தான் மூடுனேன், திரும்ப ஒரு தபா வந்து அளந்து பாருங்கன்னு. தப்பு என்னுதாவே போவட்டும். இதுல உன் பேரே வராது.

— வராதா?

— நான் ஏன் உன் பேர எடுக்கிறேன்.

— ...சரிப்பா. அப்பிடியே சொல்லிடு. நான் இங்கயே நிக்கிறேன். லிஸ்ட்டு இன்னிக்கு சாயந்தரம் அனுப்பிடுவாங்க, அதுக்குள்ள சொல்லிட்டின்னா போதும்.

— ம். அவரு ரூமு எந்தப் பக்கம்?

— ப்பா, இரு. ஒண்ணு கேக்கணும். நாங்க அளக்க வந்த அன்னிக்கி உன்ன ரோட்டுக்கு வராதன்னு சொல்லிருந்தேன்ல. ஏன் வந்த?

— தலைவரு எளநி வெட்டியாரச் சொன்னாரு. ஊர்ல வேற யாரு மரம் ஏறுறா இப்ப?

— நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன். பின் சீட்டுல. நீ பாத்தியா?

— கண்ணாடி கருப்பா இருந்துச்சு. உள்ள யாரு இருக்காங்க, எவரு இருக்காங்கன்னு ஒண்ணும் தெரியல.

— நெசமா?

— நெசமாத்தான். எளநி வெட்டறவனுக்கு கத்தி மேலதான கண்ணு இருக்கும்.

— ப்பா, சார் வர்றாரு. வெள்ளை சட்டை. தியாகேசன் சார்.

— நீ அந்தாண்ட போயிக்க. நான் பேசிக்கிறேன். சார், வணக்கம் சார்.

— வணக்கம். அட, வடக்குமேடு தான நீங்க? எளநி குடுத்தீங்களே. என்ன இவ்ளோ தூரம்? சத்யப்பிரியா, நீ ஏம்மா ஓரமா நிக்கிற, டீ சொல்லு எல்லாருக்கும்.

— டீ இருக்கட்டும் சார். ரோடு விசயமா வந்தேன். நீங்க வர்றதுக்கு மொத நாளு நான்தான் சார் பள்ளத்தையெல்லாம் இடிச்ச காரைய போட்டு மூடுனேன். வெளியூரு ஜனம் வருதேன்னு ஒரு இதுல பண்ணிட்டேன். நெசத்துல ரோடு அப்பிடி இல்ல சார். நீங்க திரும்ப வந்து பாக்கணும்.

— பெரியவரே, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. ரோடு கெடைக்கலன்னதும் நாலு ஊர்லேர்ந்து வந்துட்டாங்க. எல்லாரும் இத மாதிரி ஒரு கதை சொல்றாங்க.

— கதை இல்ல சார். எங்க ஊரு கோயில்ல வேணா கற்பூரம் அணைக்கிறேன்.

— நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. உங்க வாய் வார்த்தைய வச்சு நான் மார்க்க மாத்த முடியாது. மண்ணும் நல்லா வந்துருக்கு. இந்தப் பொண்ணுதான் டெஸ்ட்டு பண்ணுச்சு. இது கை சுத்தமான கை, தப்பா பண்ணாது. டெஸ்ட்டு பண்ணவங்க சந்தேகம்னு சொன்னாதான் நான் திரும்ப எடுக்க முடியும்.

— மேடம் சரியாத்தான் சார் பண்ணிருப்பாங்க. நான்தான் மண்ண மாத்திட்டேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல.

— அப்ப மன்னிக்கணும். லிஸ்ட்டு போயிடும். அடுத்த வருசம் பாக்கலாம்.

— சார்.

— சொல்லும்மா.

— அந்த மண்ணு எங்க ஊரு மண்ணு இல்ல சார். ஊற வச்சா வெண்ணெயா போயிடும் எங்க மண்ணு. டெஸ்ட்டு பண்ணப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வுட்டுடலாம்னு சொன்னேன்.

— எங்க ஊரா? நீ மஞ்சக்குப்பம் தானேம்மா?

— அது எங்க மாமா வீடு சார். நான் வடக்குமேடு. சொல்றதுக்கு வெக்கப்பட்டேன். இவரு எங்கப்பா.

— பாப்பா, நீ எதுக்கு இப்ப...

— சும்மா இருப்பா. எங்கப்பா சார் இவரு. எனக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னுதான் ரோட்ட மூடுனாரு. இவருக்குப் பொண்ணுன்னு சொல்ல மாட்டாம நான் வண்டியவுட்டே எறங்கல.

— ம். லிஸ்ட்ட நிறுத்தி வைக்கிறேன். நாளைக்கே வண்டி போவட்டும், நீயே கூட போயி மண்ணு எடு. இந்தத் தடவ ஆழமா எடு. மீட்டிங்ல நீ சொன்னத பத்தி தனியா பேசணும், அத நான் வுட மாட்டேன்.

— சரிங்க சார்.

— இன்னொண்ணு. அன்னிக்கி எளநிய எங்கையில குடுத்துட்டு இவரு அந்தக் கருப்புக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு நின்னாரும்மா. இவரு மூஞ்சில உன் சாடையும் இருந்துச்சா, எனக்கு சந்தேகம். உள்ள ஒக்காந்துருக்கிறது உங்க பொண்ணான்னு கேட்டேன். எங்க ஊர்ல அவ்ளோ படிச்ச பொண்ணு ஏது சார்னாரு.