அவர் பெயரில் உள்ள மேப்

ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களில் வழி சொல்லும் குரல் முதலில் ஜப்பானிய மொழியில்தான் பேசும். அதை மாற்றி நம் நாட்டு மேப்பை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஹட்டனில் ரிஸ்வி நானாவின் கடையில் இரண்டு வருடமாகச் செய்கிறேன். பௌதிகவியல் படித்தவளுக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆட்களோடு அதிகம் பேச வேண்டியதும் இல்லை.

வெளியில் கிடைக்கும் மேப்பில் தோட்டத்துப் பாதைகள் இருக்காது. அவற்றைச் சேர்த்தது நானும் கிஷாந்தும். கம்பஸில் என்னோடு படித்தவர். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். மூன்று வருடம், ஞாயிறுதோறும், போனைக் கையில் பிடித்தபடி நான் நடந்தேன். மழை, காலெல்லாம் அட்டை. அவர் அறையில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார். போன ஓகஸ்டில் அதைத் தன் பெயரில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்து, அங்கேயே வேலையும் வாங்கிக்கொண்டார். ஜனவரியில் சர்மிளாவைக் கட்டினார். இரண்டையும் அடுத்தவர் சொல்லித்தான் அறிந்தேன்.

போன வியாழக்கிழமை காரோடு கடைக்கு வந்தார்.

“இந்த ஜப்பான்காரி என்னா சொல்றான்னே வெளங்கல. நீயே மேப்பு போட்டுக் குடு. வேற யாரையும் நம்ப மாட்டேன். ஞாயித்துக்கெழம வட்டகொடையிலருந்து பூண்டுலோயாவுக்கு விருந்துக்குப் போறோம். சர்மிளாவுக்கு வளைவு ரோடு ஒத்துக்காது. கிட்டப் பாதையா காட்டட்டும்.”

நம்பிக்கை என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் புது மேப்பையே போட்டிருப்பேன்.

“என்ன தங்கச்சி, இந்தக் காருக்கு மட்டும் இவ்வளவு கவனம்?” என்று ரிஸ்வி நானா கேலி செய்தார்.

“பழகின ஆளு நானா,” என்றேன்.

தோட்டம் வழியாகப் போகும் அந்தக் கிட்டப் பாதை நவம்பர் மண்சரிவில் பாதியில் அறுந்துவிட்டது. கீழே எண்பது அடி. நேரில் போய்ப் பார்த்து, மூடிய பாதை என்று என் மேப்பில் குறித்துவைத்தேன். அந்தத் திருத்தம் என்னிடம் மட்டும் இருந்தது. கிஷாந்தின் காரில் நான் எதையும் பொய்யாகப் போடவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் தன் பெயரில் கொடுத்த ஓகஸ்ட் மேப்பையே போட்டேன். தன்னுடையது என்று அவர் சொன்னதை அவரிடமே கொடுத்தேன்.

பாதை முகப்பில் தோட்டத்து ஆட்கள் தார்ப் பீப்பாய்களை வைத்துக் கயிறு கட்டியிருக்க, கார் எப்படி உள்ளே போனது என்று கேட்டீர்கள். ஞாயிறு காலை நான்தான் கயிற்றை அவிழ்த்து, பீப்பாய்களைத் தேயிலைக்குள் உருட்டினேன். அன்று வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு இல்லை, கொழுந்து பறிக்க யாரும் வரமாட்டார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. கார் கடந்து போனது. சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு வருகிறவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று பீப்பாய்களைத் திரும்ப வைத்துக் கயிற்றைக் கட்டினேன்.

கிஷாந்தோடு சர்மிளாவும் இறந்துவிட்டார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். சர்மிளா மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதனால்தான் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அவங்கள பெல்ட் போட்டுக்கச் சொல்லுங்க,” என்று மறக்காமல் சொல்லி அனுப்பினேன்.