தட்டைச் சுற்றி எத்தனை பேர்

'பிள்ளையைக் கொடு' என்று எப்படிக் கேட்பது? டாக்கார் நகரிலிருந்து தம்பி ஊருக்குப் பேருந்தில் வந்த வழியெல்லாம் பெந்தா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தன் மகளுக்குப் பேர் வைத்த அன்றே தம்பி சபையில் சொல்லியிருந்தான்: அக்கா பேரை வைத்தாயிற்று, வளர்ந்ததும் அக்கா வீட்டுக்குத்தான். ஊர் வழக்கமும் அதுதான். கேட்டால் இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால்தான் கேட்பது இவ்வளவு கனமாக இருந்தது. முற்றத்தில் அவளுடைய பேர்க்காரி, சின்னப் பெந்தா, வீடே சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி மாரெம் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

சின்னவள்: அத்தை, கால எடுங்க... கோட்ட அழிக்கிறீங்க.

பெந்தா: சோறு போடுற தட்டுல கோடு போட்டா, உங்கம்மா உன் முதுகுல போடுவா.

சின்னவள்: அடிப்பக்கம்தானே! டீச்சர் பின்னம் குடுத்திருக்காங்க. மத்தியானம் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள முடிக்கணும்.

பெந்தா: பின்னமா? திங்கிற பண்டமா அது?

சின்னவள்: அய்யோ... இத்தாம் பெரிய துணிக்கடை வச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?

பெந்தா: துணின்னா அளந்து கிழிச்சுக் குடுத்துருவேன். உன் வித்தையெல்லாம் எனக்கு எங்க தெரியும்... சொல்லு, கேப்போம்.

சின்னவள்: தட்டச் சுத்தி உக்காருறோம்ல? ஆளுக்கு ஒரு இடம். மொத்தம் எத்தன இடமோ, அது கீழ. அதுக்குப் பேரு பகுதி. அதுல என் முன்னால இருக்கிறது ஒண்ணு. அது மேல. தொகுதி. நடுவுல ஒரு கோடு.

பெந்தா: கோடு எதுக்கு?

சின்னவள்: எதுக்குன்னா... அடுத்தவங்க இடத்துல கை போடக் கூடாதுன்னு!

மாரெம்: அத உன் தம்பிங்ககிட்ட சொல்லு முதல்ல.

பெந்தா: அப்போ எனக்கு எட்டுல ஒண்ணு குடு. மூணுல ஒண்ண நீயே வச்சுக்கோ.

சின்னவள்: ஏன்?

பெந்தா: எட்டுதானே பெருசு?

சின்னவள்: அம்மா! அத்தை ஏமாந்துட்டாங்க! எங்க வகுப்புலயும் பாதிப் பேரு இதேதான் சொன்னாங்க. எட்டுப் பேரு உக்காந்தா முழங்கால் இடிக்கும் அத்தை. உங்க முன்னால ரெண்டு பிடி சோறுதான் இருக்கும். கீழ பெருசானா உங்க பங்கு சிறுசு!

மாரெம்: ஏய், அத்தைகிட்ட மரியாதையாப் பேசு.

பெந்தா: விடு மாரெம். இந்த வயசுல ஒரு வாத்தியார் கெடச்சிருக்கு.

சின்னவள்: உங்க வீட்டுக்கு ஒண்ணு போடுவோமா? டாக்கார்ல உங்க தட்டச் சுத்தி எத்தன பேரு?

பெந்தா: நான்தான்.

சின்னவள்: ராத்திரிக்கு?

பெந்தா: ராத்திரிக்கும் நான்தான்.

சின்னவள்: அப்போ கீழயும் ஒண்ணு, மேலயும் ஒண்ணு. முழுத் தட்டும் உங்களுக்கே! மீன் தலையும் உங்களுக்கு, அடிச்சட்டிக் காந்தலும் உங்களுக்கு!

பெந்தா: ஆமா... முழுசும் எனக்கே.

சின்னவள்: அப்புறம் ஏன் இப்படி இளைச்சிட்டீங்க?

மாரெம்: அடியே!

பெந்தா: கேக்கட்டும், கேக்கட்டும்... தனியா உக்காந்தா நாலு வாயிலயே போதும்னு ஆயிடுது கண்ணு. அதான்.

சின்னவள்: பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே?

பெந்தா: ஏன், நீ வந்து உக்காந்தா? சும்மா... கணக்குக்குத்தான் கேக்குறேன்.

சின்னவள்: நான் வந்தா ரெண்டுல ஒண்ணு. பாதி! இங்க எனக்கு ஆறுல ஒண்ணுதான்.

பெந்தா: கேட்டியா மாரெம்?

மாரெம்: கேட்டுட்டுதான் இருக்கேன் அக்கா... மரவள்ளி வெந்துருச்சான்னு பாக்குறேன்.

பெந்தா: இரு இரு... ஆறு எப்படி வரும்? உங்கப்பா, அம்மா, நீ, தம்பிங்க ரெண்டு பேரு. அஞ்சுதானே? பெரியவன் மாசார்தான் தியெஸ் டவுன்ல வேல கத்துக்கப் போயிட்டானே.

சின்னவள்: டீச்சரும் அதேதான் சொன்னாங்க! உக்காந்திருக்கிறவங்கள மட்டும் எண்ணணுமாம். செவப்பு மையில தப்புப் போட்டுட்டாங்க. ஆனா எங்க வீட்டுல ஆறுதான்.

பெந்தா: அது எப்படிடி?

சின்னவள்: அம்மா மீன் பிக்கிறப்போ பாருங்க.

மாரெம்: போதும் கணக்கு. தட்டக் கழுவிக் கொண்டா. அக்கா, பாய்க்கு வாங்க. அவருக்கும் பசங்களுக்கும் படகுக்கே குடுத்து அனுப்பிட்டேன். நாம மூணு பேருதான்.

பெந்தா: அடேயப்பா, களவா மீனா? எனக்குன்னு வாங்கினியா?

மாரெம்: உங்க தம்பி பிடிச்சது. அக்காவுக்குன்னு எடுத்து வச்சாரு... பிஸ்மில்லா. சாப்பிடுங்க.

பெந்தா: போதும்டி... எல்லாத்தையும் என் பக்கமே தள்ளுறியே. புளி நல்லா எடுத்திருக்கு.

சின்னவள்: அத்தை, இப்போ... இப்போ பாருங்க!

பெந்தா: ...அந்த மீன் துண்டு யாருக்கு மாரெம்? அந்தப் பக்கம் யாரும் இல்லையே.

மாரெம்: எது? ஓ... கைப்பழக்கம் அக்கா.

சின்னவள்: அது மாசார் அண்ணன் இடம். தினமும் ஒரு துண்டு போடுவாங்க. ஒரு நாள் நான் எடுத்தேன், கையத் தட்டி விட்டுட்டாங்க. கடைசியில பூனைதான் திங்கும்.

மாரெம்: மறந்து போய்ப் போடுறதுதான்.

பெந்தா: அவன் அங்க நல்லாச் சாப்பிடுறானாமே. தம்பி சொன்னான்.

மாரெம்: நல்லாத்தான் இருக்கான். எனக்குத் தெரியுது அக்கா... இந்தக் கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது.

பெந்தா: ம்...

சின்னவள்: அப்போ நான் உங்க வீட்டுக்கு வந்துட்டா, அம்மா என் இடத்துக்கும் ஒரு துண்டு போடுவாங்க. கீழ அதே ஆறு. மேல ரெண்டு. பூனைக்கு ஆறுல ரெண்டு! அது குண்டாயிரும் அத்தை, நடக்கவே முடியாது!

பெந்தா: மாரெம்... என்னாச்சு?

மாரெம்: ஒண்ணுமில்ல... மிளகாயக் கடிச்சிட்டேன். தண்ணி எடுடி.

பெந்தா: மிளகா என் பக்கமில்ல இருக்கு.

மாரெம்: ஏய், தண்ணி எங்கடி?

சின்னவள்: இந்தாங்க தண்ணி. அம்மா, நேரமாச்சு, நான் ஓடுறேன்! அத்தை, டீச்சர்கிட்ட ஆறுன்னே சொல்லிரவா? திட்டுவாங்களோ?

பெந்தா: ஆறுன்னே சொல்லு. எங்க அத்தை பக்கத்துல உக்காந்து பாத்தாங்கன்னு சொல்லு.

சின்னவள்: நான் வர்ற வரைக்கும் போயிராதீங்க!

பெந்தா: பாத்து ஓடு... கல்லு கல்லு! அப்படியே என் நடை அவளுக்கு.

மாரெம்: எல்லாரும் அதான் சொல்றாங்க. கோபமும் உங்க கோபம்தான்.

பெந்தா: எனக்கு எங்கடி கோபம் வருது?

மாரெம்: அக்கா...

பெந்தா: ம்.

மாரெம்: நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்.

பெந்தா: மீன்சோறு திங்க வந்தேன்.

மாரெம்: நீங்களா கேப்பீங்க, அப்புறம் சொல்லலாம்னு காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன். கேக்க மாட்டேங்குறீங்க. கதவுக்குப் பின்னால ஒரு பை இருக்கு அக்கா. அவ துணி, செருப்பு, தலைக்குத் தடவுற நெய்... எல்லாம் நானே கட்டி வச்சிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாயங்கால வண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க.

பெந்தா: அவகிட்ட சொன்னியா?

மாரெம்: இல்ல. சொன்னா என் குரல் காட்டிக் குடுத்துரும். உங்க பேர வச்சிருக்கா, உங்க பிள்ளதான். அங்க நீங்க ஒத்தையா அந்தத் தட்டு முன்னால... கூட்டிட்டுப் போங்க அக்கா. நான் அழ மாட்டேன்.

பெந்தா: என் பையிலயும் ஒரு விரிப்பு இருக்கு மாரெம், அவ படுக்கைக்குன்னு தச்சு எடுத்துட்டு வந்தது. அத இங்கயே விரிச்சுப் போடு, கட்டி வச்சதப் பிரிச்சு அடுக்கு... உன் பூனைக்கு ஒரு துண்டே போதும்.